அம்புரோஸின் இரண்டு கடிதங்கள்

வியன்னா அருங்காட்சியகத்தில் ரூபன்ஸின் பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. தேவாலய வாசல். படியில் ரோமப் பேரரசர் தியோடோசியஸ், பின்னால் அவருடைய வீரர்கள். எதிரே ஆயர் அம்புரோஸ், பேரரசரை உள்ளே விடாமல் தடுத்து நிற்கிறார். ரூபன்ஸின் பட்டறையிலிருந்த இளம் வான் டைக்கும் இதே காட்சியை வரைந்தார். அது லண்டனில் இருக்கிறது. அதிகாரத்தின் முன்னால் அறம் தலைநிமிர்ந்து நிற்பதற்கு ஐரோப்பா நெடுங்காலம் வைத்திருந்த படம் இதுதான்.

ஆனால் இந்தக் காட்சி நடந்திருக்க வாய்ப்பில்லை என்பதே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோரின் முடிவு. வாசலில் மறித்த கதையை விரிவாகச் சொல்பவர் தியோடொரேட். அவர் எழுதியது, சம்பவம் நடந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. உண்மையில் அம்புரோஸ் செய்தது ஊரைவிட்டு வெளியே போனது. போய் ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஆண்டு 390.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 388இல், அதே அம்புரோஸ் அதே பேரரசருக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறார். அதுவும் இருக்கிறது. முதலாவதைப் பிரசங்கங்களில் கேட்கலாம். இரண்டாவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு சங்கடம் வருகிறது. அந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆளுநர் ஆயரான கதை

எனக்கு அம்புரோஸ் அறிமுகமானது அகஸ்டினின் ‘ஒப்புதல்கள்’ வழியாக. 384இல் பேச்சுக்கலை ஆசிரியராக மிலானுக்கு வருகிறார் அகஸ்டின். வயது முப்பது. ஆயரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று போகிறார். கதவு எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. உள்ளே அம்புரோஸ் படித்துக்கொண்டிருக்கிறார். கண் பக்கத்தின்மேல் ஓடுகிறது, வாய் அசையவில்லை. வாய்விட்டுப் படிப்பதே வழக்கமாக இருந்த காலம் என்பதால் அகஸ்டினுக்கு அது ஆச்சரியம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தொந்தரவு செய்ய மனமில்லாமல் திரும்பிப் போகிறார். 387 ஈஸ்டர் இரவில் அதே அம்புரோஸின் கையால் ஞானஸ்நானம் பெறுகிறார். அந்த எண்கோணத் தொட்டியின் எச்சம் இன்றைய மிலான் பேராலயத்துக்கு அடியில் இருக்கிறது.

அந்த மௌன வாசகர் யார் என்று தேடிப்போனால் வேறொரு ஆள் வருகிறார். அம்புரோஸ் சுமார் 339இல் இன்றைய ஜெர்மனியின் ட்ரியர் நகரில் பிறந்தவர். அப்பா ரோம அரசின் உயர் அதிகாரி. அப்பா இறந்தபின் குடும்பம் ரோமுக்குப் போனது. அம்புரோஸ் சட்டமும் பேச்சுக்கலையும் கிரேக்கமும் படித்து, அரசுப் பணியில் சேர்ந்து, முப்பது வயதை ஒட்டி வட இத்தாலியில் ஒரு மாகாணத்துக்கு ஆளுநரானார். தலைமையிடம் மிலான்.

374இல் மிலான் ஆயர் ஆக்சென்டியஸ் இறந்தார். அப்போது கிறிஸ்தவர்களே இரண்டு அணி. கிறிஸ்து தந்தைக்கு முழுச் சமம் என்பது நைசியா அணி. சமமில்லை, தந்தைக்குக் கீழ்தான் என்பது ஏரியன் அணி. இறந்தவர் ஏரியன். அடுத்தவர் யார் என்பதில் அடிதடி வரும் நிலைமை. ஆளுநர் தானே தேவாலயத்துக்குள் போய் அமைதி காக்கச் சொல்லிப் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் ‘அம்புரோஸே ஆயர்’ என்று கத்த ஆரம்பித்தது. முதல் குரல் ஒரு குழந்தையுடையது என்கிறார், அவரிடம் வேலை பார்த்துப் பின்னால் அவருடைய வாழ்க்கையை எழுதிய பவுலினஸ்.

அம்புரோஸ் இன்னும் ஞானஸ்நானமே வாங்கவில்லை. தப்பிக்க என்னென்னவோ செய்திருக்கிறார். தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள விலைமாதரை ஊரறிய வீட்டுக்கு வரவழைத்தார் என்றுகூடப் பவுலினஸ் எழுதுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கி எட்டாவது நாள் ஆயராக அபிஷேகம். கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்றுத்தர வேண்டியதாகிவிட்டது என்று அவரே பின்னால் வருத்தத்தோடு எழுதினார்.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்புரோஸ் துறவி மடத்திலிருந்து வந்தவர் இல்லை. மனு எப்படி எழுத வேண்டும், மேலிடம் எதற்குப் பயப்படும், எப்போது ரகசியமாகப் பேச வேண்டும், எப்போது எல்லார் முன்னாலும் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆளுநர் அங்கியைக் கழற்றினார். ஆளுநரின் மூளையைக் கழற்றவில்லை.

அவர் கற்பித்தது

ஆயரானதும் தன் பொன்னையும் நிலத்தையும் திருச்சபைக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தார். 378இல் அட்ரியானோபிளில் ரோமப்படை கோத் இனத்தாரிடம் படுதோல்வி அடைந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதிகளாகி அடிமைச் சந்தைக்குப் போனார்கள். அம்புரோஸ் தேவாலயத்துப் பொற்பாத்திரங்களை உருக்கி, அந்தப் பணத்தில் கைதிகளை மீட்டார். எதிரணி விடவில்லை, புனிதப் பாத்திரத்தை உருக்கலாமா என்று பிடித்துக்கொண்டது. அவருடைய பதில் எளிமையானது. திருச்சபையிடம் பொன் இருப்பது பூட்டி வைக்க இல்லை, தேவைப்படுபவருக்குச் செலவழிக்க. உலோகத்தைக் காப்பாற்றுவதைவிட உயிருள்ள மனிதரைக் காப்பாற்றுவது மேல்.

அவருடைய நூல்களில் என்னை அதிகம் பாதித்தது நாபோத்தைப் பற்றியது. பழைய ஏற்பாட்டுக் கதை. ஆகாப் அரசன் தன் அரண்மனைக்குப் பக்கத்திலிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறான். முன்னோர் சொத்து, தரமாட்டேன் என்கிறான் நாபோத். அரசி பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கல்லால் அடித்துக் கொல்லவைக்கிறாள். இது முடிந்துபோன கதை இல்லை, தினமும் ஏதோ ஒரு நாபோத் தன் நிலத்திலிருந்து துரத்தப்படுகிறான் என்பதுதான் அம்புரோஸின் வாசிப்பு. பூமி எல்லாருக்கும் பொதுவாகப் படைக்கப்பட்டது. ஏழைக்குப் பணக்காரன் கொடுப்பது தானம் ஆகாது, அவனுடையதை அவனுக்கே திருப்பித் தருவது. வட்டித் தொழிலைக் கண்டித்து அவர் எழுதிய இன்னொரு நூலில், கடனுக்காகப் பெற்ற பிள்ளைகளையே ஏலத்துக்குக் கொண்டுவரும் தகப்பன் வருகிறான். படிக்கும்போது நான்காம் நூற்றாண்டு என்ற நினைப்பே போய்விடுகிறது.

அறவியல் நூல் என்று சொன்னால் ‘கடமைகள்’. சிசரோவின் அதே பெயருள்ள நூலை மாதிரியாக வைத்து, தன் குருமாருக்காக எழுதியது. அதில் நீதியைப் பற்றி ஒரு வாதம் உண்டு. அநீதி இரண்டு வகை. ஒன்று, நாமே செய்வது. மற்றது, இன்னொருவருக்கு நடக்கும்போது தடுக்க முடிந்தும் தடுக்காமல் நிற்பது. இரண்டாவதும் முதலாவதற்குச் சமமான குற்றம். சிசரோவிடமிருந்து எடுத்த கருத்துதான். அம்புரோஸ் அதற்கு மோசேயை உதாரணம் காட்டி, கிறிஸ்தவக் கடமையாகவே ஆக்கினார்.

இந்த இரண்டாவது வகையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆயுதம் உருவாகிறது

அம்புரோஸிடம் படை கிடையாது. இருந்தது பலிபீடம். பேரரசர் கிறிஸ்தவர், அவருக்குத் திருப்பலி வேண்டும். அதைத் தருவதும் மறுப்பதும் ஆயர் கையில். இதை ஓர் ஆயுதமாக்க முடியும் என்று கண்டுகொண்டதுதான் அம்புரோஸின் மேதைமை.

384இல் ரோம நகரத் தலைவர் சிம்மாக்கஸ், செனட் மண்டபத்திலிருந்து அகற்றப்பட்ட வெற்றித் தேவியின் பீடத்தைத் திரும்ப வைக்கும்படி சிறுவன் பேரரசன் இரண்டாம் வாலன்டினியனிடம் மனு கொடுத்தார். அவ்வளவு பெரிய மறைபொருளை ஒரே வழியில் போய் அடைந்துவிட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பழைய சமயத்தின் மிக நாகரிகமான குரல் அது. அம்புரோஸ் அரசனுக்கு எழுதினார்: சம்மதித்தால், நீ தேவாலயத்துக்கு வரலாம், ஆனால் அங்கே உனக்குக் குரு இருக்கமாட்டார். மனு நிராகரிக்கப்பட்டது.

அடுத்து 385, 386. அரசத்தாய் ஜஸ்டினா ஏரியன் அணி. மிலானில் தங்கள் வழிபாட்டுக்கு ஒரு தேவாலயம் கேட்டாள். அம்புரோஸ் மறுத்தார். வீரர்கள் சுற்றி வளைத்தார்கள், மக்கள் உள்ளேயே தங்கிவிட்டார்கள். அகஸ்டினின் தாய் மோனிக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மக்கள் சோர்ந்துவிடாமல் இருக்க அம்புரோஸ் பாடல்களைப் பாட வைத்தார். மேற்குத் திருச்சபையில் சபையார் சேர்ந்து பாடும் வழக்கம் வேரூன்றியது இப்படித்தான். கடைசியில் அரசு பின்வாங்கியது. பேரரசர் திருச்சபைக்கு உள்ளே இருப்பவர், அதற்கு மேலே இருப்பவர் இல்லை என்ற கொள்கை இந்தப் போராட்டத்தில்தான் தெளிவாக வெளிப்பட்டது.

படிக்கும்போது நம் மனம் தன்னாலேயே அம்புரோஸ் பக்கம் சாய்கிறது. ஆயுதமில்லாத கூட்டம், எதிரே படை, நடுவில் பாட்டு. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் இரண்டு முறையும் அவர் மறுத்தது என்ன என்று பாருங்கள். வேறு நம்பிக்கை உள்ளவர்களுக்கான இடம்.

முதல் கடிதம்: காலினிக்கும், 388

காலினிக்கும் என்பது யூப்ரடீஸ் கரையிலிருந்த எல்லை ஊர். இன்றைய சிரியாவின் ரக்கா. அங்கே 388இல் ஒரு கிறிஸ்தவக் கும்பல் யூதர்களின் ஜெபக்கூடத்தை எரித்தது. உள்ளூர் ஆயரின் தூண்டுதல் என்று அதிகாரிகளின் அறிக்கை போனது. அதே பகுதியில் துறவிகள் சிலர் வேறொரு சிறு கிறிஸ்தவப் பிரிவின் வழிபாட்டிடத்தையும் எரித்திருந்தார்கள். தியோடோசியஸ் தீர்ப்பு சொன்னார்: ஜெபக்கூடத்தை அந்த ஆயர் தன் செலவில் கட்டித்தர வேண்டும், துறவிகளுக்குத் தண்டனை.

அம்புரோஸ் பேனாவை எடுத்தார். கடிதம் நீளமானது, சட்டம் படித்தவரின் கடிதம். அந்த ஆயர் கட்டச் சம்மதித்தால் விசுவாசத்தைத் துறந்தவர் ஆவார், மறுத்தால் மறைசாட்சி ஆவார், இரண்டுக்கும் பேரரசரே பொறுப்பு என்றார். எரித்த பழியைத் தானே ஏற்கத் தயார் என்றார். ஜூலியன் காலத்தில் யூதர்கள் தேவாலயங்களை எரித்தபோது யார் ஈடு கொடுத்தார்கள் என்று கேட்டார். தலைநகரில் ஓர் உயர் அதிகாரியின் வீடே எரிந்தது, அதற்குத் தண்டனை இல்லையே என்றார். சட்டம் ஒழுங்கு பெரிதா, சமயம் பெரிதா என்று கேட்டு, சமயமே பெரிது என்று முடித்தார்.

பேரரசர் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆயர் கட்ட வேண்டாம் என்றார். அம்புரோஸுக்கு அது போதவில்லை. அடுத்து நடந்ததை அவரே தன் அக்கா மார்செல்லினாவுக்கு எழுதியிருக்கிறார். மிலானில் பேரரசர் உட்கார்ந்திருக்கும் திருப்பலியில் அவரைக் குறிவைத்தே பிரசங்கம் செய்தார். முடித்து இறங்கியபோது தியோடோசியஸ், ‘என்னைப் பற்றித்தான் பேசினீர்கள்’ என்கிற மாதிரி கேட்டார். ஆயர் மீதான ஆணை கடுமையாக இருந்தது, திருத்திவிட்டேன். ஆனால் இந்தத் துறவிகள் நிறையக் குற்றம் செய்கிறார்கள் என்றார். பக்கத்திலிருந்த தளபதி டிமாசியஸ் துறவிகளைத் திட்ட, அம்புரோஸ் அவர் வாயை அடைத்தார். பிறகு அப்படியே நின்றார். விசாரணை மொத்தத்தையும் கைவிடுவதாக வாக்குத் தந்தால்தான் பலிபீடத்துக்குப் போவேன் என்ற நிற்பு. பேரரசர் வாக்குத் தந்தார். உங்கள் வார்த்தையை நம்பிச் செய்கிறேன் என்று இரண்டு முறை சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு அம்புரோஸ் பீடத்துக்குப் போனார்.

அந்தக் கடிதத்தில் வெட்கம் எதுவும் இல்லை, வெற்றிச் செய்தியாகத்தான் எழுதியிருக்கிறார். கும்பல் தப்பியது. வழிபடும் இடத்தை இழந்த யூதர்களில் ஒருவர் பெயர்கூட அவருடைய இரண்டு கடிதங்களிலும் இல்லை.

இரண்டாம் கடிதம்: தெசலோனிக்கா, 390

தெசலோனிக்காவில் மக்களுக்குப் பிடித்த தேரோட்டி ஒருவனைத் தளபதி புத்தேரிக் சிறையில் போட்டார். கலவரம் வெடித்து, கும்பல் புத்தேரிக்கைக் கொன்றது. மிலானிலிருந்த தியோடோசியஸ் கோபத்தில் பழிவாங்க உத்தரவிட்டார். பிறகு மனம் மாறி இன்னொரு உத்தரவு அனுப்பினார், அது போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. படை பொதுமக்கள்மேல் பாய்ந்தது. தியோடொரேட் தரும் எண்ணிக்கை 7,000. அம்புரோஸ் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. ரோமர் நினைவில் இதுபோல் ஒன்று நடந்ததில்லை என்ற பொருளில் எழுதுகிறார்.

இந்த முறை பிரசங்கம் இல்லை, பொதுவில் மோதல் இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊரைவிட்டுப் போய், வேறு யாரும் படிக்கக்கூடாது என்று தன் கையாலேயே எழுதினார். உன்மேல் எனக்கு அன்பு உண்டு; ஆனால் நீ வந்து நிற்கும் இடத்தில் என்னால் பலி ஒப்புக்கொடுக்க முடியாது. ஒரே ஓர் அப்பாவியின் இரத்தத்துக்கே அது கூடாது என்றால், இத்தனை பேரின் இரத்தத்துக்கு எப்படிக் கூடும்? தாவீது அரசனும் பாவம் செய்தான், ஒப்புக்கொண்டான், அழுதான். நீயும் அதைச் செய். இதுதான் சாரம்.

தியோடோசியஸ் செய்தார். அரச அங்கியைக் களைந்து, பாவம் செய்த சாதாரண விசுவாசிகளைப் போலத் தேவாலயத்தில் நின்று மனம் வருந்தினார். 390 கிறிஸ்துமஸில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். மரண தண்டனை உத்தரவு நிறைவேற 30 நாள் காத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தைப் பிற்காலத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் இதோடு இணைக்கிறார்கள். சட்டத் தொகுப்பில் அதற்கு 382 என்று தேதி இருப்பதால் விவாதம் இன்னும் ஓயவில்லை. என் வேலையில் இயந்திரங்களுக்கு ‘டைம் டிலே’ வைப்போம், தவறான சிக்னல் வந்ததும் உடனே பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காக. அதிகாரத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

உலகத்தையே ஆள்பவன் செய்த கொலையும் கொலைதான் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லி, அவனை ஒப்புக்கொள்ளவும் வைத்தது சின்ன விஷயம் இல்லை. ரூபன்ஸின் ஓவியம் காட்சியில் பொய் சொன்னாலும், உணர்ச்சியில் பொய் சொல்லவில்லை.

எந்தத் தராசு?

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். இரண்டு கடிதத்திலும் ஆள் அதே ஆள். துணிச்சல் அதே துணிச்சல். ஆயுதமும் அதே பலிபீடம். ஒன்றில் செத்தவர்களுக்காகப் பேசினார். மற்றதில் எரித்தவர்களைக் காப்பாற்றினார்.

வழக்கமான சமாதானம் ஒன்று இருக்கிறது: ‘அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலால் அளக்கக்கூடாது.’ பொதுவாக நானும் இதை மதிப்பவன்தான். ஆனால் இங்கே அது செல்லாது. ஏனென்றால் சரியான தீர்ப்பை அந்தக் காலத்து மனிதரே சொல்லியிருக்கிறார்: தியோடோசியஸ். அவர் மட்டுமா? அவர் தோற்கடித்த மேக்சிமஸும், ரோமில் ஒரு ஜெபக்கூடம் எரிந்தபோது எரித்தவர்களுக்கு எதிராக ஆணையிட்டவர். இதை நமக்குச் சொல்வதே அம்புரோஸ்தான். அதனால்தான் மேக்சிமஸ் அழிந்தான் என்று பேரரசரைப் பயமுறுத்த அதைச் சொல்கிறார். 393இல் தியோடோசியஸ் மறுபடி ஒரு சட்டம் போட்டார்: யூத சமயம் எந்தச் சட்டத்தாலும் தடை செய்யப்பட்டதில்லை, கிறிஸ்தவத்தின் பெயரால் ஜெபக்கூடங்களை இடிப்பவர்களும் சூறையாடுபவர்களும் ஒடுக்கப்பட வேண்டும். ஆகவே நான்காம் நூற்றாண்டுக்கு இது புரியாத நீதி இல்லை.

இன்னும் கடினமான தராசு அம்புரோஸிடமே இருக்கிறது. தடுக்க முடிந்தும் தடுக்காதவன் செய்தவனுக்குச் சமம் என்று எழுதியவர், காலினிக்கும் விஷயத்தில் தடுக்காமல் நின்றவர் மட்டும் இல்லை. நீதி நடக்கவிருந்ததை நடக்கவிடாமல் செய்தவர். பொருளைவிட மனிதர் பெரிது என்று பொன்னை உருக்கியவர், எரிந்தது வெறும் கட்டடம் என்று சொல்ல முடியாமல் அந்தக் கட்டடத்துக்குள் கூடிய மனிதர்களைப் பார்க்காமலே விட்டார். இத்தனைக்கும் இரத்தவெறி பிடித்தவர் இல்லை அவர். ட்ரியரில் பிரிசில்லியன் என்ற ஆயர் மரண தண்டனைக்கு ஆளானபோது, எதிராளியைக் கொல்லச் சொல்லி அரசிடம் கேட்ட ஆயர்களோடு உறவே வேண்டாம் என்று ஒதுங்கியவர். அவருடைய இரக்கத்துக்கு அளவு பெரிது. ஆனால் அதற்கு ஒரு வேலியும் இருந்தது.

அதிகாரத்தை எதிர்ப்பவர் என்றாலே நாம் மாலை போட்டுவிடுகிறோம். எனக்கும் எதிர்ப்பவர்களைப் பிடிக்கும். ஆனால் எதிர்ப்பு என்பது ஒரு பலம் மட்டுமே. அது அறமாவதும் ஆகாததும் யாருக்காக என்ற கேள்வியில் இருக்கிறது. சிறுபான்மைக்கு நியாயம் செய்ய வந்த அரசை மிரட்டிப் பின்வாங்க வைக்கவும் அதே பலம் போதும். அதுவும் ‘மனச்சாட்சி’ என்ற பெயரிலேயே வரும், நேர்மையான ஒரு மனிதரின் வாயிலிருந்தே வரும். அதுதான் பயமாக இருக்கிறது.

395 ஜனவரியில் தியோடோசியஸ் இறந்தார். இறுதி உரை ஆற்றியது அம்புரோஸ். பேரரசர் அழுது மனம் வருந்தியதைத்தான் அவருடைய பெரிய பெருமையாகச் சொன்னார். இரண்டு ஆண்டு கழித்து, 397 ஏப்ரல் 4இல், ஈஸ்டருக்கு முந்தைய நாள் அம்புரோஸும் இறந்தார்.

இரண்டு கடிதங்களிலும் நாத்தான் இறைவாக்கினர் வருகிறார். 390 கடிதத்தில் அவர் தாவீதிடம் சொன்ன கதையோடு வருகிறார்: நிறைய மந்தை உள்ள பணக்காரன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்ட கதை. 388 கடிதத்திலும் நாத்தான் இருக்கிறார், அரசனுக்குக் கடவுள் செய்த நன்மைகளைப் பட்டியல் போட்டு நினைவூட்டுகிறார். ஆட்டுக்குட்டி மட்டும் அதில் இல்லை. யூப்ரடீஸ் கரையில் அது யாருடையது என்று அம்புரோஸ் கேட்டுக்கொள்ளவே இல்லை.